பதிவு நாள்

எனக்கு இந்த ஊரில் வேலை கிடைக்க மூன்று நாள் ஆயிற்று. அதில் இரண்டு நாள் சனியும் ஞாயிறும். குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி ஒரு வெள்ளிக்கிழமை ஜோகுபாளையத்துக்கு வந்து இறங்கினேன். திங்கட்கிழமை காலை என் கணவரின் சித்தி என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், தான் வேலை செய்த சட்டைக் கம்பெனியின் மாடியில் நிறுத்தினார். அந்த மாடிக்குப் பொறுப்பான இன்சார்ஜ் மண்டியா பக்கத்துக் கன்னடக்காரர். என்னைப் பார்க்காமல் சித்தியைப் பார்த்து, "யாரம்மா இது?" என்றார். "எங்க அக்கா மருமவ சார்" என்றார் சித்தி. அவ்வளவுதான் நேர்காணல். தைக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. தெரியாது என்பது வேறு விஷயம். முதல் வாரம் முழுக்க ஊசி ஊசியாக உடைத்தேன். சித்தி தன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அது தொண்ணூற்றொன்று. எங்களுக்கு எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் ஆற்றுத் தண்ணீருக்காகக் கலவரம் வந்தபோது, தமிழ் பேசுகிற பாவத்துக்கு ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தோம். என் மாமியார் வானொலியைக்கூடப் போட விடவில்லை. ஆனால் ஊர் அடங்கியதும் போய்ப் பார்த்தால் என் மெஷின் காலியாக இருந்தது, எனக்காக. இன்சார்ஜ், "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு அன்றைய டார்கெட்டைச் சொன்னார். ஆறே மாதத்தில் என் பேர் மாமியார் வீட்டு ரேஷன் கார்டில் ஏறியது. மூன்று வருஷத்தில் இருபத்தெட்டு மெஷின் கொண்ட ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் ஆனேன். எல்லாம் என் சாமர்த்தியம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்தது தொண்ணூற்று நாலில். யாருடைய சிபாரிசும் இல்லாமல் கேட்டில் வந்து நின்று வேலை கேட்டவள். அப்படி வருகிறவர்களுக்குத்தான் பரீட்சை. ஒரு காலர் தைத்துக் காட்டச் சொன்னோம். சட்டையில் கஷ்டமான இடம் அதுதான், இரண்டு முனையும் ஒரே மாதிரி கூராக நிற்க வேண்டும். அவள் தைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இன்சார்ஜ் என் லைனில் உட்காரவைத்தார். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். ஊர் நாகர்கோவில் என்றாள். பிரேசர் டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவாள், சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். எங்கள் பெண்களுக்கு இது பொறுக்குமா? ஒரே வாரத்தில் மகாராணி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

எனக்கு அவள் பேசாதது பிரச்சினை இல்லை. மாதத்தில் இரண்டு நாள் ரஜா போட்டாள், அதுதான் பிரச்சினை. இந்த ஊரில் லீவை நாங்களும் ரஜா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். காலர் மெஷினில் ஆள் இல்லையென்றால் அதற்கு அடுத்துள்ள பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வசவு எனக்கு விழும். நாலைந்து மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் லைன் மொத்தமும் கேட்கும்படி, "மாசத்துக்கு ரெண்டு தபா எவன் கூப்புட்றான் உன்ன?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அவள் அழவில்லை, எழுந்தும் போகவில்லை. கையிலிருந்த துணிக்கட்டை முடித்து அடுத்த ஆளிடம் தள்ளினாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, உங்களோட கொஞ்சம் கதைக்கோணும்" என்றாள்.

அந்த ஒரு வரியில் எனக்குப் புரிந்துவிட்டது. தொண்ணூற்றொன்று மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்த ஊரில் அந்தத் தமிழைக் கேட்டாலே வீட்டுக்காரர்கள் பெட்டியை வெளியே எடுத்து வைத்தார்கள். அவள் பேசாமல் இருந்தது திமிரால் இல்லை. நான் அவள் கையைப் பிடித்து, கூட்டத்தைவிட்டுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன்.

"நாங்கள் மன்னார், அக்கா. தொண்ணூறில படகில வந்தனாங்கள். அம்மாவும் தம்பியும் ஆற்காட்டுப் பக்கம் முகாமில இருக்கினம். என்ர பேரும் அங்கதான் பதிவு. மாசத்தில ரெண்டு முறை அதிகாரி வந்து எண்ணுவார். ஆள் நேரில நிக்கோணும். இல்லாட்டி பேரை வெட்டிப்போடுவினம்."

"வெட்டினா இன்னா? நீதான் இங்க சம்பாரிக்கிறியே."

"பேர் இல்லாட்டி நான் ஆரக்கா? போலீஸ் மறிச்சா காட்டுறதுக்கு என்னட்ட இருக்கிறது அந்த ஒரு அட்டைதான். அம்மாவோட இருக்கவும் ஏலாது. சண்டை முடிஞ்சு ஊருக்குப் போறதெண்டாலும் பதிவில உள்ள ஆக்களைத்தான் அனுப்புவினம்."

அன்றைக்கு அவள் இன்னொன்றும் சொன்னாள். மன்னாரில் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்திருக்கிறாள். சான்றிதழ்கள் படகில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தன. ஆனால் அதைக் காட்டினால் முதல் கேள்வி எப்போது வந்தாய், எப்படி வந்தாய் என்பதுதான். அதனால் ஒன்றும் படிக்காத நாகர்கோவில்காரியாகத் தைக்க வந்துவிட்டாள். எட்டாவதில் இரண்டு முறை தோற்ற நான் அவளுக்கு சூப்பர்வைசர். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவளுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். பதிவு நாள் வந்தால் அவள் மெஷினில் நானே உட்கார்ந்து காலர் தைத்தேன். அவளுடையது போல என் முனைகள் நிற்காது, ஆனாலும் லைன் ஓடியது. முதல் நாள் மாலை ஷிப்ட் முடிந்ததும் அவள் பஸ் ஏறுவாள். மறுநாள் முகாமில் வரிசையில் நிற்பாள். அடுத்த நாள் காலை நேராக பஸ் ஸ்டாண்டிலிருந்து கண் சிவக்க வந்து மெஷினில் உட்காருவாள். மூன்று வருஷம் இப்படித்தான் போயிற்று.

அவள் கணக்கு டீச்சர் என்பது சும்மா இல்லை. காலர் மெஷினில்தான் எப்போதும் துணி மலையாகக் குவியும். ஒருத்தியே காலரைத் தைத்து, புரட்டி, மேல் தையலும் போட வேண்டியிருந்ததுதான் காரணம். ஒரு நாள் பேட்டர்ன் அட்டையின் பின்னால் கோடு போட்டு, எந்த வேலைக்கு எத்தனை விநாடி என்று எழுதி, இரண்டு மெஷினை இடம் மாற்றி வேலையைப் பிரித்தால் குவியாது என்று காட்டினாள். செய்தோம், குவியவில்லை. இன்சார்ஜ் என்னை அழைத்துப் பாராட்டினார். யார் யோசனை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளிடம் வந்து, "சார் ரொம்ப சந்தோஷப்பட்டார்" என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது. அதனால்தான் தொண்ணூற்று ஏழில் புது மாடி திறந்து என்னை அதற்கு இன்சார்ஜாகப் போடப்போகிறார்கள் என்றதும், என் லைனுக்கு அவளைத்தான் சூப்பர்வைசர் ஆக்க வேண்டும் என்று நின்றேன். மண்டியாக்காரர் அதற்குள் மேனேஜர் ஆகியிருந்தார். "அவளுக்கு ஹாஜரியே சரியில்லையே அம்மா, மாசத்துக்கு ரெண்டு ரஜா போடற சூப்பர்வைசரா?" என்றார். "இனிமே போட மாட்டா சார், நான் கேரண்டி" என்றேன். அவளைக் கேட்காமலே சொன்னேன்.

சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் மாடியைப் பார்க்க வரும் நாளில் அவள் பதவி ஏற்பதாக ஏற்பாடு. அவர்கள் வருகிற வியாழக்கிழமை பதிவு நாளாக இருந்தது.

"அக்கா, அண்டைக்குப் பதிவு" என்றாள்.

"ஒரு தபா போகலன்னா இன்னா? ஜொரம்னு சொல்லச் சொல்லு உங்கம்மாவ."

"போன மழைக்கு பஸ் நிண்டு ஒருக்கா விட்டுட்டன். இனி விட்டா வெட்டுவம் எண்டு சொல்லிப்போட்டினம்."

"அப்டிதான் சொல்லுவாங்க. ரேஷன் கடைலயும்தான் ஆறு மாசமா சொல்றாங்க, வந்து கையெழுத்துப் போடலன்னா பேரை எடுத்துருவோம்னு. எடுத்தாங்களா? அப்டியே எடுத்தாலும் யாரையாவது புடிச்சு சேத்துக்கலாம். நான் இல்ல?"

எனக்குத் தெரிந்த உலகம் அது. பேர் விட்டுப்போனால் சேர்க்கலாம், தேதி தவறினால் மாற்றலாம், யாருக்காவது யாரையாவது தெரிந்திருக்கும். குடியாத்தத்திலிருந்து ஜோகுபாளையம் வரைக்கும் எனக்கு எல்லாக் கதவும் அப்படித்தான் திறந்தது. அவளுக்கும் திறக்கும் என்று நினைத்தேன். வெறும் அவளுக்காகத்தான் சொன்னேன் என்று ரொம்ப வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அன்று அவள் அங்கே நிற்கவில்லை என்றால் மேனேஜரிடம் நான் கொடுத்த வாக்கு போய்விடும், என் மாடியும் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

அவள் கையிலிருந்த காலரைப் புரட்டி இரண்டு முனையையும் நிமிர்த்தினாள். பிறகு, "நீங்கள் சொன்னா சரி அக்கா" என்றாள்.

வியாழக்கிழமை அவள் சூப்பர்வைசர்களின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டிருந்தாள். வந்த வெள்ளைக்காரப் பெண்மணி இரண்டு மெஷினை ஏன் இப்படித் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாக, வகுப்பில் பாடம் சொல்வது போலச் சொன்னாள். மாடி முழுக்க வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. மகாராணி என்று பேர் வைத்தவர்களே கை தட்டினார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "இத்தனை வருஷம் இவளை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

அதே நாள் காலையில் முகாமுக்கு வழக்கமான அதிகாரியோடு மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரியும் வந்திருக்கிறார். அவள் பேரைக் கூப்பிட்டபோது அம்மா காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். எங்கே காட்டு என்று அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே பாய் சுருட்டி வைத்திருந்தது. அந்த இடத்திலேயே அவள் பேர்மேல் கோடு போட்டுவிட்டார்கள். அட்டையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அதிகாரி கேட்டால் காட்ட இருக்கட்டும் என்று அவள் அதை முன்கூட்டியே அம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தாள். தம்பி பூத்திலிருந்து கம்பெனிக்கு போன் செய்திருக்கிறான். வேலை நேரத்தில் எங்களுக்கு வரும் போனை யாரும் கொண்டுவந்து சொல்வதில்லை. சனிக்கிழமை மாலை, புது வேலையின் சந்தோஷத்தோடு அம்மாவுக்கு மைசூர்பாக் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

இரண்டு வாரம் பார்த்தேன். பிரேசர் டவுன் விடுதிக்குப் போனால், தம்பி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டதாக அங்கிருந்த கன்னியாஸ்திரி சொன்னார். விசாரணை முடியும்வரை அவள் அந்தத் தாலுகா எல்லையைத் தாண்டக் கூடாதாம். அட்டை இல்லாமல் இங்கே வந்து போலீஸ் கையில் அகப்பட்டால் வழக்குதான், விடுதிக்கும் சிக்கல் என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒரு நாள் ரஜா போட்டுவிட்டு, மடித்து வைத்திருந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, அவளுக்காகப் பேச நானே தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி வயதானவர், உட்காரச் சொன்னார். நான்தான் போகாதே என்று சொன்னேன், தப்பு என்னுடையது, பேரைச் சேர்த்துக்கொடுங்கள் என்றேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"புதுசா வர்றவங்களுக்குத்தாம்மா பதிவு. இவங்க ஏற்கெனவே வந்தவங்க. மறுபடி சேர்க்கிறது என் கையில இல்ல, மெட்ராஸ்ல முடிவு பண்ணணும். மனு குடுக்கச் சொல்லுங்க" என்றார். பிறகு, "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"குடியாத்தம் சார்."

"நீங்க ஊரை விட்டுப் போயி எத்தன வருஷமிருக்கும், ஆறு ஏழு? உங்கள யாராவது எண்ணினாங்களா, எங்கே போனேன்னு கேட்டாங்களா? நீங்க போற எடம் உங்க இஷ்டம். இவங்களுக்கு அப்படி இல்ல. அது தெரியாம அவங்களுக்கு யோசனை சொல்லாதீங்க." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அன்று முகாமுக்கும் போனேன். அவளுடைய அம்மா என்னோடு பேசவில்லை. அவள்தான் தேநீர் போட்டுக் கொடுத்தாள். மெட்ராஸுக்கு ஆறு பக்கத்தில் மனு எழுதி வைத்திருந்தாள், அழகான கையெழுத்து. நான் ஏதாவது சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், "விடுங்கோ அக்கா" என்றாள்.

நான் திரும்பி வந்த பிறகு நீலக் கோட்டு பத்து நாள்கூட ஆணியில் தொங்கவில்லை. என் கணவர் வழியில் உறவான ஒரு பெண், ஆம்பூரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், அந்த இடத்துக்கு வந்தாள். சிபாரிசு சொன்னது நான்தான், உறவுக்காரர்கள் கேட்டபோது சொல்லாமல் இருக்க முடியவில்லை. விநாடிக் கணக்கு எல்லாம் அவளுக்குத் தெரியாது, ஆனால் மாமா வீட்டு முகவரி இருந்தது. இன்று அவளுக்கு ஓல்ட் மெட்ராஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சொந்த வீடு இருக்கிறது. நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

ரெண்டாயிரம் பிறந்ததும் எங்கள் தெருவுக்கே புது ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் மாடிப் போர்ஷனுக்கு மதுரைப் பக்கத்திலிருந்து இரண்டு கம்ப்யூட்டர் பையன்கள் குடிவந்தார்கள். கையில் கம்பெனிக் கடிதம் இருந்தது. கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது, தேவையும் படவில்லை. என் மாமனார் அவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டதோடு சரி, சாவியைக் கொடுத்துவிட்டார். அவர்கள் படியேறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவு வரும். படிப்பை வைத்துப் பார்த்தால் அவள் அவர்களோடு நிற்க வேண்டியவள். என்னைப் போல வாய்ச் சொல்லில் ஏறியிருந்தாலும் எனக்கு மேலே போயிருப்பாள். ஒரே தமிழ்தான் பேசினோம், எனக்குக் கிடைத்த ஊர் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஏழு வருஷத்தில் அவளை மூன்று முறைதான் போய்ப் பார்த்தேன். அது குறைவு என்று எனக்குத் தெரியும். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன். கடைசியாகப் பார்த்தது ரெண்டாயிரத்து நாலில். குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், திரும்பும்போது மனது கேட்காமல் முகாம் இருக்கும் ஊரில் இறங்கினேன். காலை பதினோரு மணி இருக்கும். முகாமுக்குப் போகும் மண்சாலை பிரிகிற இடத்தில் பஸ் நிழற்குடை ஒன்று உண்டு. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. மடியில் ஒரு ரவிக்கை, பக்கத்தில் மஞ்சள் பையில் இன்னும் சில. சுற்று வட்டாரத்துக்கு ஊக்கு வைத்துக் கொடுப்பாளாம், அதுதான் வருமானம்.

"எங்கன்னா போறியா?" என்றேன்.

"இல்லை அக்கா. இண்டைக்குப் பதிவு."

"அப்ப உள்ள இல்ல இருக்கணும்? பேர் சேத்துட்டாங்களா?"

"இல்லை. மனு இன்னும் அங்கதான் கிடக்கு." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "மற்ற நாளில அம்மாவோடதான் இருக்கிறன். அம்மா எழும்ப மாட்டா இப்ப. தம்பி பெயின்ட் வேலைக்குப் போறான். எண்ணுற நாளில மட்டும் நான் வெளியில வந்திடுவன். பதிவில்லாத ஆளை வச்சிருக்கினம் எண்டு அம்மாவின்ர பேரையும் வெட்டிப்போட்டா என்ன செய்யிறது?"

எண்ணுகிற நாளில் உள்ளே நிற்பதற்காக ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே போனவள் அவள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாண வீட்டுச் சந்தனம் இன்னும் என் கழுத்தில் காயாமல் இருந்தது, அது எனக்கே அருவருப்பாக இருந்தது. ஏழு வருஷமாகச் சொல்லாததை அங்கே சொன்னேன். அன்று நான் போகாதே என்று சொன்னது உனக்காக மட்டும் இல்லை, என் மாடி போய்விடும் என்ற பயத்திலும்தான் என்றேன்.

அவள் தையலை நிறுத்தவில்லை. "தெரியும் அக்கா" என்றாள். "அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா சரின்னே?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கும் அந்தக் கோட்டைப் போடோணும் எண்டு ஆசையா இருந்தது."

மண்சாலையிலிருந்து ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். ஜீப் பெரிய ரோட்டில் ஏறித் திரும்பிப் போகும்வரை அவள் நிமிரவில்லை. பிறகு ஊசியை ரவிக்கையில் குத்தி, துணியை மடித்துப் பையில் வைத்தாள்.

"எண்ணி முடிச்சிட்டினம்" என்று எழுந்தாள். "வாங்கோ அக்கா, இனி வீட்ட போகலாம்."